முழித்திருக்கும் புள்ளி

ஸ்டியரிங்கில் வயிறு இடிக்க உட்கார்ந்து, இடக்கண்ணை மூடிக்கொண்டு, கோழி மாதிரித் தலையை வெட்டி வெட்டிப் பார்க்கிறார் வீராயி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே தெரியாது. ஆனாலும் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், கல்லடி பட்ட கார்க் கண்ணாடிக்குள் பசை ஏற்றி வடுவை மறைக்கும் கொளஞ்சிநாதன் கடையில், அவர் மனைவியான வீராயி இப்படிப் பார்த்துச் சொல்லாமல் எந்த வண்டியும் கிளம்பாது.

"வெளிய நின்னு பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஓட்டுறவன் கண்ணுல படுதான்னுதாங்க பாக்கணும்."

பீங்கான் கம்பெனியில் பதினாறு வருடம் ஃபியூஸ் கட்டைகளில் விரிசல் தேடிய கண். சுத்தமாக மறைந்திருந்தால் "போயிடுச்சு" என்பார். தேடினால் மட்டும் தென்பட்டால் "தூங்குது". வெயில் பட்டதும் மின்னினால் "முழிச்சிருக்குது". கருணை மார்க் யாருக்கும் கிடையாது, கட்டிய புருஷனுக்கும்தான். ஒருமுறை பக்கத்துப் பஞ்சர் கடை பக்கிரி, இவரை ஏமாற்றுவதற்காகக் கண்ணாடியில் ஒரு தலைமுடியை ஒட்டிவைத்தார். வீராயி உட்கார்ந்த வேகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"யோவ் பக்கிரி, தலையில இருக்கறதே நாலு முடி. அதையும் ஏன்யா கார்ல ஒட்டுற?"

இந்தச் சிரிப்பெல்லாம் ஆனியோடு சரி. அந்த மாதம்தான் கொளஞ்சிநாதனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. வலது கை விரல்கள் நடுங்குவது மட்டும் நிற்கவில்லை. மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர், நேற்று எழுந்து உட்கார்ந்து சொன்னார்:

"நாளைக்கு ஒரு கண்ணாடி வருது. கை நின்னா கடை. நிக்கலன்னா சாமானைப் பக்கிரிகிட்ட குடுத்துட்டு வூட்டுலயே கெடக்குறேன். நீ எப்பயும்போல உள்ளதச் சொல்லு. பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

இன்று காலையிலிருந்தே மேகம் மூடிக் கிடக்கிறது. மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கொளஞ்சிநாதன் இடக்கையால் வலக்கை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பசை ஏற்றினார். நீல விளக்கைக் காட்டிக் காயவைத்தார். காய்ந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பிளேடால் வழித்து முடித்ததும் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

வீராயி ஏறி உட்கார்ந்தார். இடக்கண்ணை மூடிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. பசை ஏற்றிய புள்ளியின் நடுவில், கடுகளவு காற்றுக்குமிழி. வெயிலே இல்லாத வானத்துக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, போயிடுச்சா?" என்றார் கார்க்காரர்.

கொளஞ்சிநாதன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க, ஒரே அழுக்கா இருக்குது" என்றார் வீராயி.

முந்தானையைச் சுருட்டி, கண்ணாடிக்குள்ளேயே உறைந்துபோன அந்தக் குமிழியின் மேல் வைத்துத் துடைத்தார். வாயால் ஊதித் துடைத்தார். மறுபடியும் ஊதி, மறுபடியும் துடைத்தார்.