கடைசிப் படியில் நின்ற சம்மனசு

புலம்பெயர்ந்து வந்த லாசாலில், கோயில் நிலவறையின் பழைய சாமான் விற்பனையில், ஈரம் ஊறிய காகித மணத்தோடு ஒரு செதுக்கோவிய அச்சுப்படம் கைக்கு வந்தது: யாக்கோபு கனவில் கண்ட, மண்ணிலிருந்து வானுக்கு எழும் ஏணி, அதில் ஏறி இறங்கும் சிறகுள்ள சம்மனசுகள். இதே படம் எங்கள் மன்னார்ப் பங்குச் சுவாமியார் தங்கிய, பிறகு ஷெல் விழுந்து இல்லாமற்போன அறைவீட்டின் விறாந்தையிலும் தொங்கியது. தங்கச்சி காய்ச்சலில் இறந்தபின், ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா என் தோளைப் பிடித்தபடி அதன் முன்னே நிற்பார். நான் பதினேழு சம்மனசுகளையும் எண்ணுவேன். கீழே, கடைசிப் படியில் நின்ற ஆகச் சின்னதுதான் தங்கச்சி என்பார் அம்மா.

“மேலே போறாளோ, அம்மா?”

“இல்லையடா, இறங்கி வாறாள்.”

இந்தப் படத்தில் பதினாறுதான். சட்டத்துக்குள் அடக்க யாரோ அடிப்பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். கடைசிப் படியே இல்லை.

“என்னப்பா, திரும்பத் திரும்ப எண்ணுறியள்?” என்றாள் மனைவி.

“ஒண்டு குறையுது.”

சொல்லும்போதே மனம் ஆறியது. அம்மா சொன்னது சரி. அவள் இறங்கிவிட்டாள்.