பத்து மணிக்கு நிறுத்திய ஃப்ரிட்ஜ்

குளிர்கிடங்கில் இயந்திரம் பார்க்கும் அவரிடம் இருபத்தாறு வருடத்தில் ஒரு மூட்டை உருளைக்கிழங்குகூட அழுகியதில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாலையில் மின்சாரக் கட்டணம் ஏறும் நான்கு மணி நேரமும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே அறையை இரண்டு டிகிரி கூடுதலாகக் குளிரவைத்துவிடுவார். கனத்த சுவரும் கூரை முட்ட அடுக்கிய மூட்டைகளும் அந்தக் குளிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முதலாளியே நாலு பேர் முன்னால் அவரை மெச்சியிருக்கிறார்.

அந்த வித்தையை வீட்டுக்கும் கொண்டுவந்தார். இரவு எட்டு மணிக்கு ஃப்ரிட்ஜின் திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்புவார். பத்து மணிக்குச் சுவிட்சை அணைப்பார்; விடிந்துதான் மறுபடி போடுவார். பிறகு டி.வி., வாசல் விளக்கு என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து அணைத்த பிறகுதான் படுக்கை. "நிலாவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தா உங்கப்பா அதையும் அணைச்சிட்டுத்தான் தூங்குவாரு" என்று கட்டிக்கொடுத்த மகளிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள் மனைவி.

அவளுக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கான இன்சுலின் குப்பிகளை ஆஸ்பத்திரியில் மொத்தமாகத் தருவார்கள். அவள் அவற்றை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்தாள். ராத்திரி முழுக்கக் குளிர் நிற்கும் இடம் என்று, அவர்தான் மேல்தட்டில் ஃப்ரீசரை ஒட்டி மாற்றி வைத்தார்.

சில மாதங்களில் சர்க்கரை ஏறியது. ஊசியின் அளவைக் கூட்டினார்கள், இறங்கவில்லை. செருப்பு கடித்த புண் ஆறாமல் போய் ஒரு கால்விரலை எடுத்தார்கள். அவர் சமையலறை டப்பாக்களைத் திறந்து சோதித்தார். ஒன்றில் பிஸ்கட் இருந்தது. வருகிறவர்களுக்கு வைத்தது என்றாள். அவர் நம்பவில்லை. "திருடித் திங்கிறவளுக்கு எந்த ஊசி வேலை செய்யும்?" என்று அவள் காதில் விழும்படி மகளிடம் போனில் சொன்னார். மகளும் அம்மாவைத் திட்டினாள். அவள் சத்தியம் செய்து பார்த்தாள். பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

புண் பாதத்துக்கு ஏறி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வீட்டிலிருந்து கொண்டுபோன குப்பியை நர்ஸ் உள்ளங்கையில் உருட்டி வெளிச்சத்தில் பிடித்தார். உருட்டினால் பால்போல் கலங்க வேண்டிய மருந்து கலங்கவில்லை. கண்ணாடியில் பொரிப்பொரியாக ஒட்டியிருந்தது.

"இது உறைஞ்சுபோன மருந்து. இதைப் போடறதும் ஒண்ணு, போடாம இருக்கறதும் ஒண்ணு. எங்க வைக்கிறீங்க?"

மனைவி அவரைப் பார்த்தாள். "எங்க பக்கம் அடிக்கடி கரண்ட் போகும்மா" என்றாள்.

அந்தப் பொய்யை அவரால் தாங்க முடியவில்லை. கரண்ட் போனால் எதுவும் உறையாது. காலியாகக் கிடக்கும் ஃப்ரிட்ஜைக் கடைசி எண்ணில் வைத்தால் மேல்தட்டில் இருப்பது கட்டியாகும். அணைத்தால் விடிவதற்குள் உருகியும் விடும். கிழங்குக்கு டிகிரிக் கணக்குப் பார்த்தவர் இங்கே ஒருநாளும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

"நான்தாம்மா உறைய வச்சேன்" என்றார்.

நர்ஸ் குப்பியைக் குப்பைக்கூடையில் போட்டார். புது மருந்து வந்தது. ஆனால் காலுக்கு நேரம் கடந்திருந்தது. மறுநாள் பாதிப் பாதத்தை எடுப்பதென்று டாக்டர் அவரிடம் கையெழுத்து வாங்கிப் போனார்.

அவர் கட்டிலோரம் நின்றார். அவள்தான் பேசினாள்.

"கால் போறது போகட்டும். நான் திருடித் திங்கலைன்னு பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாப் பக்கம் திரும்பினார்.

"இங்கயே நின்னு சொல்லுங்க" என்றாள். "அன்னைக்கும் என் காதுல விழத்தான சொன்னீங்க."