வேனில் போன நகர்மன்றம்

எங்கள் அத்தை ஆரணி நகர்மன்றத் தலைவர் ஆனதற்கு நானும் ஒரு காரணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய நாட்களில் ஒரு பை நிறைய செல்போன்களை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஊர் ஊராகச் சுற்றியவள் நான். அப்போது நான்காம் வகுப்பு, காலாண்டு விடுமுறை. என்னோடு படித்தவர்கள் எல்லாம் பெரணமல்லூரில் மாமா வீடு, வெம்பாக்கத்தில் சித்தி வீடு என்று போயிருக்க, நான் மட்டும் கவுன்சிலர்களோடு போனேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. வக்கீல். எங்கள் தெருவில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் பெண். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடேயே இருந்தார். வீட்டின் முன்னறை அவருடைய ஆபீஸ், அடுத்த அறையில் அப்பாவின் பட்டுத் தறி. வழக்குக்காக வருகிறவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லும்போது பின்னால் தறி ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது அழ ஆரம்பித்தால் அப்பா தறியை நிறுத்திவிடுவார். அழுகை அடங்கியதும் மறுபடி ஆரம்பிப்பார்.

அத்தைக்கு உட்காரவே தெரியாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று அம்மா சொல்வாள். தோசை ஊற்றிக்கொடுத்துவிட்டு அவர் எந்தப் பக்கம் போனார் என்று தேட வேண்டியிருந்தது அம்மாவுக்குத்தானே.

ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே வகை வழக்குதான். யாராவது யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டால் அத்தையிடம் வருவார்கள். காதலித்தாள் என்று அறையில் பூட்டி வைக்கப்பட்ட பெண், முன்பணம் வாங்கிவிட்டுச் செங்கல் சூளையில் மாட்டிக்கொண்ட குடும்பம், வேலைக்கு என்று கூட்டிப் போய்த் திருப்பி அனுப்பாத பையன். அத்தை மனு எழுதுவார், கலெக்டர் ஆபீஸுக்கு அலைவார், தேவைப்பட்டால் சென்னை வரைக்கும் போவார், ஆளோடுதான் திரும்புவார். அப்படி மீண்டு வந்தவர்கள் எங்கள் முன்னறையில் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பதைப் பார்த்தே நான் வளர்ந்தேன்.

இந்தப் பெயரை வைத்துத்தான் தேர்தலில் நின்றார், கவுன்சிலராக ஜெயித்தார். ஆனால் சேர்மனை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம் அத்தை, இன்னொரு பக்கம் பெரிய ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். அத்தையின் பக்கம் ஒரே ஒரு ஆள்தான் அதிகம். அந்த ஒரு ஆளை எதிர்ப் பக்கத்தார் இழுத்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் ஓட்டுப் போடும் நாள் வரைக்கும் நம் பக்கத்து ஆட்களை எல்லாம் வெளியூருக்குக் கூட்டிப் போய்விடுவது என்று முடிவாயிற்று. கடைக்காரரும் தன் ஆட்களோடு எங்கோ கிளம்பிவிட்டார் என்று கேள்வி. ஆக, ஆரணியின் நகர்மன்றம் முழுவதும் அந்த வாரம் இரண்டு வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லக்கூட ஒரு கவுன்சிலர் இல்லை.

என்னை எதற்கு அழைத்துப் போகிறீர்கள் என்று அம்மா கேட்டாள்.

"கொயந்த ஒண்ணு இருந்தா கோயிலுக்குப் போறாங்கன்னு நெனச்சுப்பாங்க" என்றார் அத்தை. "இத்தினி பெரியவங்க மட்டும் ஒரே வண்டியில போனா எவனாவது நிறுத்தி இன்னா ஏதுன்னு கேப்பான்."

வேனில் யாருக்கும் பெயர் கிடையாது. எட்டாம் வார்டு, இருபதாம் வார்டு என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். யாரோடு போகிறோம், எங்கே போகிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்பது அத்தையின் கட்டளை. வேலூர் தாண்டுவதற்குள் எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு என் மடியில் வைத்துவிட்டார். "நீ வெச்சுக்கோ. யாரு கேட்டாலும் குடுக்காத" என்றார். பொறுப்பு என்றால் எனக்கு உயிர். தூங்கும்போதும் பையின் காதைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

போனை அணைத்து வைக்கத் தோன்றாமல் அப்படியே போட்டுவிட்டார்கள். பை ஓயாமல் சத்தம் போட்டது. ஒன்று நாதஸ்வரம் வாசிக்கும், ஒன்று நாய் மாதிரி குரைக்கும். ஒன்றில் கைக்குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கும். அந்தச் சிரிக்கிற போன் ஒன்பதாம் வார்டு அக்காவுடையது. என்னோடு ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தவர் அவர்தான். வீட்டுக்காரர் தறி நெய்பவர். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய சேலைகள் தறியில் இருந்ததால் அவரால் கூட வர முடியவில்லை. ஒரே பெண், என்னைவிடக் கொஞ்சம் பெரியவள், ஊரில் இருந்தாள்.

முதலில் ஒரு மலைமேல் போய்த் தங்கினோம். ஏலகிரி. அங்கே காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எட்டாம் வார்டுப் பெரியவர், படகுத்துறைப் பக்கம் ஆரணி முகம் ஒன்றைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அவ்வளவுதான். "ஜல்தி, ஜல்தி" என்று அத்தை கையைத் தட்ட, பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு வேனில் ஏறினோம். அந்த முகம் களம்பூர் அரிசி மில்லில் வேலை செய்கிறவர், கல்யாணமாகிப் புது மனைவியோடு வந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது. இத்தனை பேர் தன்னைப் பார்த்து ஓடுவதைக் கண்டு அவர்தான் அதிகம் பயந்திருப்பார்.

அதற்குப் பிறகு எங்கேயும் நிலையாகத் தங்கவில்லை. ஒரு ஊரில் குளியல், இன்னொரு ஊரில் சாப்பாடு. கோயில் என்றால் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட வேண்டும். பெரியவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள் மாதிரி எரிந்து விழுந்தார்கள். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, தலையணைக்குச் சண்டை. "இன்னா பேஜாருடா இது, ஜெயிலு தேவல" என்று எட்டாம் வார்டு ஒரு நாள் முழுக்க முனகிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒகேனக்கலில் ஆற்றங்கரை ஓரமாக ஒரு விடுதியில் இறங்கினோம்.

அங்கேதான் அத்தைக்கு அவருடைய ஆபீஸிலிருந்து போன் வந்தது. அத்தையின் போன் மட்டும் அவரிடமே இருந்தது. அதில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். பேசியது புதிதாகச் சேர்ந்த ஜூனியர். வேனில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரிடமும் சொல்லவில்லை.

"மேடம், ஒருத்தர் வந்து சம்சாரத்த காணோம்னு அழுதுகினு கீறாரு. கோயிலுக்குன்னு போனவங்க திரும்பலயாம், போனும் எடுக்கலயாம். எப்பிடியாவது மீட்டுக் குடுங்கன்றாரு. மனு எழுதட்டுங்களா?"

"எந்த ஊரு ஆளு?" என்று கேட்டுக்கொண்டே அத்தை வழக்கம்போல நடந்தார்.

"நம்ம ஊருதான் மேடம். ஒம்பதாம் வார்டு. அவங்க பொண்ணு நேத்து வயசுக்கு வந்துடுச்சாம். அம்மா வராம தண்ணி ஊத்திக்க மாட்டேன்னு அடம் புடிக்குதாம்."

அத்தை நின்றுவிட்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "மனு வேணாம். நான் பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அத்தை அதை மறைக்கவில்லை. நேராக அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு முதலில் முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த நிமிடமே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"எந்நேரத்துக்கு பஸ்ஸு வக்கீலம்மா? இப்பவே கெளம்பறேன்."

"இரும்மா, பேசுவோம்."

"இன்னா பேசறது? அது தனியா கீது. எங்க மாமியாருக்குக் கண்ணு வேற தெரியாது."

"ஆரணி பஸ்ஸ்டாண்டுல நீ எறங்கினா அங்கயே அவுங்க ஆளுங்க வண்டியில ஏத்திடுவாங்க. வீட்டுக்கும் போவ மாட்ட, ஓட்டும் போயிடும்."

"அப்ப வேன்ல கொண்ணாந்து உட்டுடுங்க."

"வேனு ஊருக்குள்ள போனா எல்லாருமே மாட்டிப்போம்மா."

அக்கா அத்தையையே பார்த்தார். "அப்ப நான் போவக் கூடாதுன்றீங்களா?"

"போவக் கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்? இன்னிக்குப் போவ வேணாம்னு சொல்றேன். நாளான்னிக்கு ஓட்டு. அன்னிக்கு சாயங்காலமே நானே சேர்மன் கார்ல சீர்வரிச எடுத்துகினு உங்க வூட்டுக்கு வரேன். ஊரே பாக்கும்."

"எந்தம்பிய சூளையிலருந்து இட்டுகினு வந்தவங்க நீங்க" என்றார் அக்கா. "உங்களுக்கு ஓட்டுப் போடலன்னா நான் மனுஷியே இல்ல. அதுக்கு என்னப் புடிச்சு வெக்கணுமா வக்கீலம்மா?"

"யாரும்மா உன்னப் புடிச்சு வெச்சா? கதவு தொறந்துதான் கீது."

கதவு திறந்துதான் இருந்தது. அக்கா அதற்கு முன் வேலூரைத் தாண்டிப் போனதில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை பேச ஆரம்பித்தால் யாராலும் ஜெயிக்க முடியாது என்பதுதான். பெருமையாக இருந்தது.

பெண்ணோடு பேசட்டும் என்று அத்தை தன் போனிலேயே அழைத்துக் கொடுத்தார். எங்கே இருக்கிறோம் என்று மட்டும் சொல்லக் கூடாது. அக்கா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, "வந்துடறேன் கண்ணு, வந்துடறேன்" என்று சொன்னதையே சொன்னார். "எங்கம்மா கீற?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது எனக்கும் கேட்டது. அக்கா அத்தையின் முகத்தைப் பார்த்தார். அத்தை தலையை அசைத்தார். "கோயில்ல" என்றார் அக்கா.

பிறகு அவர் அறைக்குள் வரவே இல்லை. நின்றுகொண்டிருந்த வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் இறங்கவில்லை. மற்றவர்கள் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு அருவி பார்க்கப் போனார்கள். நான் பையோடு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பைக்குள் குழந்தை சிரித்தது. விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தது. அக்கா பையைப் பார்த்தாரே தவிர, போனைக் கேட்கவில்லை. அதைப் போலப் பொறுக்க முடியாத சத்தத்தை நான் அப்புறம் கேட்டதே இல்லை.

ஓட்டுப் போடும் அன்று காலையில் வேன் நேராக முனிசிபாலிட்டி வாசலில் வந்து நின்றது. உள்ளே ஓட்டு நடக்க, நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அப்பா நின்ற இடத்தில் நிற்காமல், தன் அக்காவைப் போலவே முன்னும் பின்னும் நடந்தார். ஒரே ஒரு ஓட்டில் அத்தை ஜெயித்தார். மேளம், வெடி, மாலை. மாலை போடுகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒன்பதாம் வார்டு அக்கா மட்டும் எதிர்த்திசையில் போய் ஒரு ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்தேன்.

அத்தை ஐந்து வருஷம் சேர்மனாக இருந்தார். நன்றாகவே செய்தார் என்றுதான் நானும் சொல்வேன். ஒன்பதாம் வார்டில் அவர் கட்டிய தண்ணீர்த் தொட்டி இன்றைக்கும் சொட்டு ஒழுகாமல் நிற்கிறது. வாக்குத் தவறாதவர் என்று பெயர். ஜெயித்த அன்று சாயங்காலமே அதைக் காட்டினார். முனிசிபாலிட்டி காரின் பின் சீட்டு முழுக்கத் தட்டுகள். பழம், பூ, வளையல், இனிப்பு, எல்லாவற்றுக்கும் மேல் அப்பா நெய்த மாம்பழ நிறப் பட்டுச் சேலை. கார் சவாரிக்காக நானும் தொற்றிக்கொண்டேன். அந்தத் தெரு முழுக்க வாசலில் வந்து நின்று பார்த்தது. அத்தை சொன்னபடியே நடந்தது.

வீட்டின் ஒரு மூலையில் பச்சை ஓலை கட்டி அந்தப் பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அடம் பிடித்தும் பயனில்லாமல், அம்மா வருவதற்கு முன்பே யார் யாரோ தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார்கள். அக்கா அவள் பக்கத்தில் இருந்தார். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அத்தை தட்டை அவள் முன்னால் வைத்து, "எம்மாடி, இங்க பாரு, யாரு வந்துகீறாங்கன்னு" என்று தாடையைத் தொட்டுத் திருப்பினார். கண் வீங்கியிருந்தது.

"எங்கம்மாவக் காணோம்னு எங்கப்பா உங்க ஆபீஸுக்குதான் வந்து அழுதாரு" என்றாள் அவள். "நீங்கதான் வெச்சிகினு இருந்தீங்களா?"

"சேர்மன் அம்மாகிட்ட இப்பிடியாடி பேசுவ?" என்று அக்காதான் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். நான் அத்தையைப் பார்த்தேன். இப்போது ஒன்று சொல்லுவார், இந்தத் திமிர் பிடித்த பெண் வாயடைத்துப் போவாள் என்று காத்திருந்தேன். அத்தை தட்டிலிருந்த சேலையின் மடிப்பை நீவினார். மறுபடி நீவினார். பிறகு எழுந்து காருக்கு நடந்தார்.

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கார் கிளம்பிய பிறகு ஒருவாறு சமாதானம் செய்துகொண்டேன். வக்கீலாக இருந்தவரைக்கும் கேட்கிறவர்களுக்கு எல்லாம் பதில் சொல்லியாக வேண்டும்; சேர்மன் ஆகிவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.