கண்ணுக்குத் தெரிய ஓடிய தண்ணீர்

போன கிழமை ஊர்காவற்றுறை இறங்குதுறையில், காரைநகருக்கு வாகனங்களை ஏற்றிப்போகும் மிதவைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற சுற்றுலா வான் ஒன்று கொதித்துவிட்டது. சாரதி மூடியைத் திறந்ததும் புகையோடு ஒரு வாசம் வந்தது. றேடியேற்றருக்குள் விடும் பச்சைத் தண்ணீர் சூடாகும்போது வரும் இனிப்பு வாசம். குசினியில் சீனிப்பாகு கருகப்போகிற நேரத்து வாசம் போல. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் கிட்டப் போய் நின்றேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கு மல்லிகைப்பூ எப்படியோ, எனக்கு இது அப்படி.

அந்த வாசம் என்னை நாரந்தனையில் ஜெறோம் வீட்டு வளவுக்குள் கொண்டுபோய் இறக்கியது. ஜெறோம் என்னோடு படித்தவன். கடற்றொழில் குடும்பம். தகப்பனின் படகு எஞ்சினைத் திருத்தத் தொடங்கி, பிறகு ஊரில் எல்லோருடைய படகு எஞ்சின்களையும் திருத்தினான். நான் சந்தியில் பற்றரியும் வயரும் பார்க்கிற சின்னக் கடை வைத்திருந்தேன். எங்களோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போய் முடிந்த காலம் அது. அம்மாவும் கண்ணை மூடியபிறகு என் வீட்டில் நானும் ஒரு ரேடியோவும்தான். அதனால் கடையைப் பூட்டியதும் கால்கள் தாமாகவே ஜெறோமிடம் போய்விடும்.

அவனிடம் ஒரு கார் இருந்தது. யாரோ பந்தயங்களில் ஓட்டிக் களைத்துக் கைவிட்ட பழைய ஜப்பான் கார், டர்போ எஞ்சின். வலைகளுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டிலுக்குள், ஊருக்குச் சம்பந்தமே இல்லாமல் நிற்கும். ஓடினால் பறக்கும். ஆனால் நின்ற இடத்தில் கொதிக்கும். ஜெறோம் பந்தயத்துக்குக் கொண்டுபோனால், வரிசையில் காத்து நிற்கிற நேரத்திலேயே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும்.

வழமையான தண்ணீர்ப் பம்ப் எஞ்சினோடு பெல்டில் சுற்றுவது. எஞ்சின் மெதுவானால் தண்ணீரும் மெதுவாகும். எஞ்சின் வேகமாக ஓடும்போது அதன் பலத்தில் கொஞ்சத்தைப் பம்ப் தின்றுவிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு பற்றரியில் ஓடும் பம்ப் ஒன்றைப் போட்டால் இரண்டு தொல்லையும் தீரும் என்று ஜெறோம் கண்டுபிடித்தான். கனடாவில் இருந்த தமக்கை அந்தப் பம்பை வாங்கி அனுப்பினாள். பொதிக்குள் இருந்த ஒரு பை சொக்லேற்றை நான்தான் தின்று முடித்தேன்.

ஜெறோமைத் தன்னிடம் கூப்பிடும் ஒழுங்குகளையும் தமக்கை செய்துகொண்டிருந்தாள். தாய்க்கும் அவன் போய்விட வேண்டும் என்பதுதான் ஆசை. ஒருநாள் தாயின் முன்னாலேயே சொன்னான்.

"வாற பந்தயத்தில கார் கொதிக்காமல் ஓடி முடிச்சுதெண்டால் நான் இஞ்சதான். இவனும் நானும் கார் திருத்துற கராச் போடுவம். இல்லாட்டி அக்காட்டப் போறன்."

அன்றிரவு நான் படுக்கையில் கிடந்து கராச்சின் பெயர்ப்பலகைக்கு நிறம்கூடத் தெரிவு செய்தேன். நீலத்தில் மஞ்சள் எழுத்து. ஒரு தண்ணீர்ப் பம்பை நம்பி மனிதன் எவ்வளவு தூரம் போகிறான் பாருங்கள்.

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. பழைய பம்பின் சுழல்சில்லைக் கழற்றி வாயை அடைத்தோம். சின்ன பெல்ட் போட்டோம். புதிய பம்பை றேடியேற்றரின் அடிக்குழாயில், ஆகக் கீழே பதிந்த இடத்தில் பொருத்தினோம். காற்றை இழுத்தால் அது கெட்டுவிடும். தடித்த வயர், பியூஸ், சூட்டை அளந்து பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி எல்லாம் என் பொறுப்பு. சுவிச்சைப் போட்டேன். மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. அவ்வளவுதான்.

ஜெறோமுக்கு அது போதவில்லை. இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கடலில் படகு எஞ்சினை இழுத்து இயக்கியதும் எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். எஞ்சினைக் குளிர்த்திய கடல்நீர் ஒரு மெல்லிய தாரையாக வெளியே பீச்சவேண்டும். "மூத்திரம் போகுதோ?" என்று கேட்பார்கள். அது போகாவிட்டால் ஒருவரும் கரையை விட்டு வெளிக்கிடமாட்டார்கள். ஜெறோம் அந்தத் தாரையைப் பார்த்து வளர்ந்தவன்.

"தண்ணி ஓடுறது கண்ணுக்குத் தெரியவேணும் மச்சான். தெரியாட்டி நம்ப ஏலாது."

எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு சாண் வெட்டி, படகுகளுக்குப் போடுகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் குழாயைச் செருகினான். எனக்கும் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது. கடல் எப்போதும் குளிர்ந்த தண்ணீரையே தரும். எங்கள் புத்தி அதைத் தாண்டிப் போகவில்லை. பச்சைத் தண்ணீர் குமிழி குமிழியாக வந்து, பிறகு தெளிந்து ஓடியது. இருவரும் குந்தியிருந்து பார்த்தோம்.

ஜெறோமின் தாய் தேத்தண்ணி கொண்டுவந்து, "என்ன, மீன்தொட்டியே பாக்கிறியள்?" என்றார்.

என் வாழ்க்கையில் நான் முழுச் சந்தோஷமாக இருந்த பின்னேரங்களில் அது ஒன்று.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு, அல்லைப்பிட்டி தாண்டிக் கடலுக்கு நடுவால் போகும் தெருவில் ஓட்டிப் பார்த்தோம். உச்சி வெயில், ஒரு சனமும் இல்லை. முதல் ஓட்டத்தில் முள் அசையவில்லை. இரண்டாம் ஓட்டத்துக்கு நான் இறங்கித் தெருவோரத்தில் நிற்க, கார் எங்கோ தூரத்தில் போய்த் திரும்பிச் சீறிக்கொண்டு வந்தது. திடீரென்று முன்கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. ஓடிப்போய்ப் பார்த்தால், அந்தப் பிளாஸ்ரிக் குழாய் சூட்டில் இளகி, ஊதி, நீளத்துக்குக் கிழிந்துபோயிருந்தது. வெறும் காற்றில் பம்ப் கத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு இழுத்துவந்து கழற்றியபோது எஞ்சினின் மேல்மூடி வளைந்திருந்தது.

"ரவுணில குடுத்து மூடியைச் சீவி நேராக்கலாம்," என்றேன். "ரப்பர் குழாயே போடுவம். இந்தப் பந்தயம் இல்லாட்டி அடுத்தது."

ஜெறோம் சீலைத்துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"விடு மச்சான். சொன்ன சொல் சொன்னதுதானே."

அவன் முகத்தைப் பார்த்தேன். கவலை இல்லை. நெடுநாள் சுமந்ததை இறக்கி வைத்தவனின் ஆறுதல்தான் இருந்தது. குழாய் வெடித்தது எனக்கு அவ்வளவு நோகவில்லை, அந்த முகம்தான் நொந்தது. போக விரும்பியிருந்தால் என்னிடம் நேரே சொல்லியிருக்கலாமே. ஒருவேளை சொல்ல முடியாமல்தான் அந்தக் காரிடம் பொறுப்பைக் கொடுத்தானோ என்னவோ. நான் கேட்கவில்லை. கோபமும் வந்தது, அதையும் காட்டவில்லை.

வெளிக்கிடுகிற அன்று கடைக்கு வந்தான்.

"நீயும் ஒருக்கா வெளிக்கிட்டுப் பாரன்."

"நான் வந்தால் இஞ்ச வயர் ஆர் பாக்கிறது?"

இருவரும் சிரித்தோம்.

இரண்டு மழைக்காலம் கழிந்து தாயையும் கூப்பிட்டுக்கொண்டான். காரை யாரோ துண்டுதுண்டாக வாங்கிப் போனார்கள். கொட்டிலின் தகரத்தை உப்புக்காற்று தின்று முடித்தது. கேற்றில் தொங்கும் பூட்டுக்குத் திறப்பு யாரிடம் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. ஜெறோம் நத்தார்ப் பண்டிகைக்கு வீடியோவில் கதைப்பான். பிள்ளைகளைக் காட்டுவான். நல்லவன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது எஞ்சின் வேலையும் நான்தான் பார்க்கிறேன். கொண்டுவருகிறவர்கள் எப்போது முடியும் என்று கேட்பார்கள், முடிந்ததும் எடுத்துக்கொண்டு போவார்கள். சில நாட்களில், நெடுநேரம் மல்லுக்கட்டிய எஞ்சின் ஒன்று சட்டென்று சுத்தமான சத்தத்துக்கு வரும். "டேய், இதைக் கேளன்" என்று தலையை நிமிர்த்துவேன். கடைக்குள் நான் மட்டும்தான் நிற்பேன்.