வெளியே அனுப்பப்பட்ட மொழிபெயர்ப்பாளர்

போன புதன்கிழமை ஒரு டொக்டர் என்னை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்.

என்னை! எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆளை. வங்கி, பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி... எங்கே போனாலும் அம்மாவுக்காகப் பேசுவது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே!

அம்மாவுக்குப் பிரஷர். மாதம் ஒருமுறை எங்கள் ஊரான சல்லியிலிருந்து பஸ் ஏறி கிளினிக்குக்குப் போவோம். இந்த முறை மருந்து எழுதிய பிறகும் டொக்டர் எங்களை எழும்ப விடவில்லை. கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் இப்போது மனநிலை பற்றியும் சில கேள்விகள் கேட்கிறார்களாம். டொக்டர் இளம் சிங்களப் பெண். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நான்.

“முந்தி விருப்பமாச் செய்த வேலையள்ல இப்ப விருப்பமில்லாமல் இருக்கோ எண்டு கேக்கிறா, அம்மா.”

“எனக்கென்ன குறை? பிள்ளை ஒபிசில வேலை எண்டு சொல்லு.”

சொன்னேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் சத்தமாகவே சொன்னேன்.

“நித்திரை வருதோ?”

“படுத்தா விடியத்தான் எழும்புவன்.”

இது எனக்கே இடித்தது. பக்கத்துப் பாயில் படுக்கிறவள் நான். அம்மா புரண்டுகொண்டே இருப்பது தெரியும். வெக்கையாக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனாலும், சொன்னதைச் சொல்வதுதானே மொழிபெயர்ப்பாளரின் வேலை?

அடுத்த கேள்விக்கு எனக்கு நா எழவில்லை. செத்துப்போனால் நல்லது என்று எப்போதாவது நினைத்ததுண்டா — இதை ஒரு மகள் தன் வாயால் எப்படிக் கேட்பது? அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?”

சுற்றிவளைத்து ஒருமாதிரிக் கேட்டு முடித்தேன். அம்மா சிரித்தார்.

“விசர்க் கதை. இல்லை எண்டு சொல்லு.”

இல்லையாம் என்றேன். டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூதூரிலிருந்து வேலைக்கு வருகிற நேர்ஸைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியும். என் பக்கம் திரும்பி, “தங்கச்சி, கொஞ்சம் வெளியில் இருங்களேன்” என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னார்.

கதவு சாத்தப்பட்டது.

வெளியே, முறைக்குக் காத்திருப்பவர்கள் வரிசையாக உட்காரும் வாங்கில், நிலாவெளியிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருந்தார்.

“என்ன பிள்ளை, உன்னக் கலைச்சுப் போட்டினமோ?”

“ஏதோ மனசைப் பற்றிக் கேக்கினமாம், அக்கா.”

“என்னட்டயும் போனமுறை கேட்டவை. மருமகள் பக்கத்தில நிண்டவள். நான் என்னத்தச் சொல்ல? எல்லாம் நல்லம் எண்டிட்டு வந்தனான்!”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. “உள்ள என்ன, கலியாணப் பேச்சோ?” என்றார் ஒருவர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. உள்ளே யாரோ அழுவது கேட்டது.

அம்மாவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் செத்தவீட்டில்கூட அம்மா சத்தமாக அழவில்லை. அம்மா அழுதால் எப்படிக் கேட்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா சம்மதித்ததால் ஒரு விஷயத்தை மட்டும் சொல்வதாக டொக்டர் சொன்னார். அம்மாவைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் தனியே விடக்கூடாது. பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தார். இது சுகப்படுத்தக்கூடிய வருத்தம்தான், பயப்படாதீர்கள் என்றார்.

தனியே விடக்கூடாது. அதன் அர்த்தத்தை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன்.

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?”

அம்மா யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குச் சொன்னா நீ வேலைய விட்டிட்டு எனக்குப் பக்கத்தில குந்துவாய். இவ்வளவு பாடுபட்டுப் படிச்சது அதுக்கே?”

அது உண்மை. விட்டிருப்பேன்.

எதனால் வந்தது இந்தத் துயரம்? அப்பா போனதாலா? நான் ஒபிசுக்குப் போன பிறகு பகல் முழுக்கத் தனிமை என்பதாலா? இல்லை, காரணமே இல்லாமலும் வருமா? டொக்டருக்குத் தெரிந்திருக்கலாம். நேர்ஸுக்கும் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது.

சின்னம்மா வந்து கூட நிற்கிறார். அம்மா மருந்து குடிக்கிறார். சோற்றை அளைந்துவிட்டு வைத்துவிடுகிறார். ஒரு நாள் பேசுகிறார், மறுநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். பெரியாஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகிறோம்.

உங்களில் எத்தனை பேர் அம்மாவையோ மாமியையோ கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்? நல்ல பிள்ளைகள்தான் நாமெல்லாம். ஆனால் அந்தக் கேள்விகள் தொடங்கியதும் எழும்பி வெளியே போய்விடுங்கள். போகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

நாம் பக்கத்தில் இருக்கும்வரை, அவர்கள் நம் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.