கியர் உருண்டையில் குங்குமம்

கலியன் என்று பேர் சொன்னால் நிலக்கரிச் சுரங்கக் காலனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. கார் துடைக்கிறவர் என்றால் தெரியும். கம்மாபுரம் பக்கத்து ஆள். கூலி வேலை பார்த்த நிலமும், குடிசை போட்டிருந்த இடமும் சுரங்கத்துக்குப் போய்விட்டன. கான்ட்ராக்டில் எடுப்பார்கள், அப்புறம் பர்மனென்ட் ஆகும் என்று காத்துக் கிடந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆபீசர் குவார்ட்டர்ஸில் காரும் ஸ்கூட்டரும் கழுவிப் பிழைத்தார்.

அதற்கும் காலனி கேட்டில் காட்ட ஒரு பாஸ் வேண்டும். வருஷா வருஷம் யாராவது ஆபீசர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கலியன் அண்ணனுக்குப் போடுகிறவர் சங்கரலிங்கம் சார். திருநெல்வேலிக்காரர். நான் அந்த வீதியில் பூ கொடுக்கிறவள். அண்ணன் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. அதனால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

சாரிடம் பழைய சிவப்புக் கார் ஒன்று இருந்தது. பந்தயத்தில் ஓட்டுவார்களே, அந்த மாதிரி. இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடித்து விடலாம். சுரங்கத்தில் மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதில் கியர் கம்பியின் தலையில் ஒரு மர உருண்டை. கை வியர்வை ஊறிக் கறுத்து, வெடித்து, மேலே வெட்டியிருந்த கியர் எண்கள் தேய்ந்து கிடந்தது. ஒரு நாள் சார் உள்ளங்கையில் சிராய் ஏறிவிட்டது.

"கொடுங்க சார், நான் சரி பண்ணியாரேன்" என்று அண்ணன் கழற்றி எடுத்துப் போனார். முன்னே ஆசாரியோடு பாலிஷ் வேலைக்குப் போன கை.

அவர் சம்சாரம் வள்ளியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "அத்த ஏன்யா வூட்டுக்கு எடுத்தாந்த? நாளைக்கு அவுங்க வூட்ல எது காணாம பூட்டாலும் உன் தலையிலதான் கட்டுவாங்க."

"கட்டட்டும். கார்லயே குந்திகினு தேய்க்க முடியுமா?"

எந்த வேலையானாலும் அண்ணனுக்கு ஒரு வழக்கம். பொருளை மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் கை வைப்பார். அப்படியே செய்தார். கண்ணாடிச் சில்லால் கறுப்பைச் சுரண்டினார். வெடிப்பில் மரத்தூளும் பசையும் அடைத்தார். உப்புத்தாளால் தேய்த்து, அரக்குப் பாலிஷைத் துணியில் தொட்டுத் தொட்டு ஏற்றினார். எண்களை ஆணி முனையால் கிளறி வெள்ளை பெயின்ட் விட்டார். உருண்டை புதுப் பெண் மாதிரி ஆகிவிட்டது.

சார் சந்தோஷமாகத்தான் வாங்கினார். கம்பியில் வைத்து முறுக்கும்போது அடி ஓட்டையிலிருந்து சிவப்பாக ஏதோ உதிர்ந்தது. வெள்ளை பேன்ட்டில் விழுந்தது.

வாசலில் நின்ற பார்வதி அம்மா, சாரின் சம்சாரம், ஓடி வந்தார்கள். "கையை எடுங்க! குங்குமம்லா அது! ஓட்டைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"சாமி குங்குமம்தாம்மா. படத்துக்கு முன்னாடி வெச்சிகினு இருந்தேன்" என்றார் அண்ணன்.

"கார் சாமானை எதுக்குய்யா சாமிக்கு முன்னால வைக்கே? நீ என்ன வேண்டிக்கிட்டேன்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா சார் பக்கம் திரும்பினார்கள். "சுரங்கத்தால குடிசை போனவன். வயிறு எரியாமலா இருக்கும்? இதை அவன் வீட்டுக்குக் கொண்டு போன அன்னைக்குத்தான் உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க."

"போடி, பைத்தியம்" என்று சார் சிரித்தார். ஆனால் உருண்டை மேல் மறுபடி கை வைக்கவில்லை. பூக்கூடையோடு நின்ற நான் அதைப் பார்த்தேன்.

கார் ஷெட்டிலேயே நின்றது. பாஸ் முடிகிற மாசம் அது. அண்ணன் தாளை நீட்டினால் சார், "பார்ப்போம்பா" என்று உள்ளே போய்விடுவார். மற்ற வீடுகளிலும் பேச்சுப் பரவியது. "இந்த வாரம் வேணாம்ப்பா, நாங்களே தொடைச்சுக்கறோம்" என்றார்கள். கேட்டில் செக்யூரிட்டிக்காரர் அண்ணனின் தூக்குவாளியைத் திறந்து, சோற்றைக் கிளறிப் பார்த்தார். கையெழுத்து இல்லாவிட்டால் அண்ணன் காலனிக்குள் கால் வைக்க முடியாது.

கடைசியில் பார்வதி அம்மாவே ஒரு வழி சொன்னார்கள். "அவனே உக்காந்து அதைப் பிடிக்கட்டும். மனசுல கள்ளம் இருந்தா தொடமாட்டாம்."

அத்தனை வருஷம் கழுவின காரில் அண்ணன் உட்கார்ந்ததே இல்லை. துண்டால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். "தாயே" என்று உருண்டையை இறுகப் பிடித்தார். சார் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து கிளட்சை மிதித்து, "ஒண்ணு" என்றார். அண்ணன் தான் எழுதின எண்ணைக் குனிந்து பார்த்துத் தள்ளினார். கார் நகர்ந்தது. "ரெண்டு!" இழுத்தார். "மூணு!" கூரை மடித்த காரில் துண்டு பறக்க, இரண்டு பேரும் பிளாக்கைச் சுற்றி வந்தார்கள். அம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வந்ததும் சார் உருண்டையைத் தானே ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். "வழவழன்னு இருக்கு" என்றார். பானெட் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று காரின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மாற்ற வேண்டும். குள்ளஞ்சாவடிச் சந்தையில் பழம் வாங்கி, கோத்துக் கட்டுகிற வேலையும் கலியன் அண்ணனுக்கே வந்தது.

"யாரு கண்ணு படாம இருக்கக் கட்டுற அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வேற யாரு? என் கண்ணுதான். பழம் பாரு, நல்லதா பொறுக்கியாந்திருக்கேன்" என்றார்.

பார்வதி அம்மா வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. அண்ணன் குனிந்து முடிச்சைப் போட்டார்.