மஞ்சள் லிஃப்டா, நீல லிஃப்டா?

ஒரு கம்பெனியின் பொருள் அடிக்கடி பழுதாகிறது. இன்னொன்றின் பொருள் பழுதாவதே அபூர்வம். கையிலிருக்கும் பணத்துக்கு எந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாம்? அன்று என்னைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். லிஃப்ட் மெக்கானிக் அக்கா விழிக்கவில்லை.

"நீலம்தான்டி. இதுல என்ன யோசனை?" என்றாள் தங்கையிடம்.

முட்டி தேய்ந்துபோய் அப்போதுதான் அவள் வேலையை விட்டிருந்தாள். லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால் ஆள் அனுப்பும் காண்டிராக்டரிடம் பல வருடம் இருந்தவள். ஊரிலுள்ள லிஃப்டுகள் பெரும்பாலும் இரண்டு கம்பெனிகளுடையவை. மோட்டார் ரூமில் ஒட்டியிருக்கும் லேபிளின் நிறத்தை வைத்து மெக்கானிக்குகள் அவற்றை மஞ்சள், நீலம் என்பார்கள். கணக்கு முடித்து வந்த பணம்தான் அவளுடைய கடைசிக் காலத்துக்கு. அது கரைந்தால் மறுபடி ஏணியில் ஏற முட்டி ஒத்துழைக்காது.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள் தங்கை, துணிக்கடையில் கணக்குப் பார்ப்பவள். "ஏன்க்கா நீலம்?"

"மஞ்சள் ஒரு மூதேவி. கதவு மூடாது, மூடினா திறக்காது. என் முட்டியைத் தின்னதே அதுதான். நீலத்துக்காக நான் படியேறினது எப்பவாவதுதான்."

சோபாவில் காலை நீட்டியிருந்த அக்காவின் பஸ் டிரைவர் கணவர் சும்மா இருப்பாரா? "அப்போ இத்தனை வருஷம் சோறு போட்டது மஞ்சள்தானே? நன்றி கெட்டவளே!"

"நீங்க உங்க பஸ்ஸை மட்டும் பாருங்க."

தங்கை சிரித்துக்கொண்டே இரண்டு கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும் திரையில் அருகருகே வைத்தாள். "மஞ்சள் லிஃப்ட் நாடு முழுக்க எத்தனை ஓடுது, சொல்லு பாப்போம்."

அக்காவுக்குத் தெரியவில்லை. திரையில் மூன்று லட்சத்துக்கு மேல் என்றிருந்தது. நீலம் எட்டாயிரம்கூட இல்லை, அதிலும் பாதி போன வருடம் மாட்டியவை.

"நல்லா ஓடுற லிஃப்டுக்கு யாராவது உன்னைக் கூப்பிடுவாங்களாக்கா? நின்னதை மட்டும்தான் நீ பாத்திருக்கே. மூணு லட்சம் ஓடினா அதுல நிக்கறதும் அதிகமாத்தானே இருக்கும்? நீலம் இன்னும் கைக்குழந்தை, தேயறதுக்கே நேரம் வரல."

தங்கை தொடர்ந்தாள்.

"மஞ்சளுக்கு ஒவ்வொரு லிஃப்டுக்கும் வருஷா வருஷம் பராமரிப்புப் பணம் வருது. புதுசா கட்டடமே எழும்பலைன்னாலும் வரும். நீலத்துக்குப் புது லிஃப்ட் வித்தாத்தான் காசு. கடன் வேற கழுத்து வரைக்கும். ஆனா பங்கு விலை, ஒரு பங்குக்கு வர்ற வருஷ லாபத்தைப் போல எழுபது மடங்கு! மஞ்சளோடது பதினஞ்சுதான்."

"அவ்வளவு கொடுத்து எவன் வாங்குறான்?"

"வளரும்னு நம்புறவன். வளரலாம். வளரலைன்னா உன் பணம் அம்போ."

அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிரே ஆஸ்பத்திரி, அதையடுத்து அலுவலகங்கள், அதற்கும் அப்பால் அடுக்குமாடிகள். இந்த நிமிடம் அவற்றுக்குள் எத்தனை பெட்டிகள் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும்! ஸ்ட்ரெச்சரில் ஒருவர், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, வாடகை பாக்கிக்காகச் சண்டை போட்டபடி இருவர். யாரும் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கிரீஸ் கையோடு அந்த இருட்டுக் குழிகளுக்குள் வாழ்ந்தவளுக்கு இவ்வளவு பெரிய ஓட்டம் கண்ணில் பட்டதேயில்லை.

"யம்மாடி, இத்தனையும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு" என்றாள் மெதுவாக.

தங்கை சொன்னபடி பாதிப் பணம் வங்கியிலேயே இருந்தது. மீதிக்கு மஞ்சள். லேப்டாப்பில் வாங்கும் பொத்தானை அக்காவே அழுத்தினாள். "முதலாளியம்மா, டீ போடட்டுமா?" என்று கணவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அடுத்த மாதமே விலை இறங்கியது. அக்கா தினமும் விலையைப் பார்த்தாள். ஆனால் லிஃப்டுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விற்காமல் இருந்தாள். வருடக் கடைசியில் கம்பெனி லாபத்திலிருந்து வந்த பங்காதாயம் முட்டி வைத்தியத்துக்கு உதவியது. விலை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கண்ணில் பட்டதை மட்டும் நம்பிப் பணம் போடக் கிளம்பியவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் இந்த அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும்.